ஒரு நிரலை அழித்தால் காலம் நகரும்

மேட்ரிக்ஸை நம் பாடநூல்கள் ‘அணி’ என்கின்றன. நகைக்கும் அதே சொல். செய்யுளில் வரும் உவமைக்கும் உருவகத்துக்கும் அதே சொல். எண்களை வரிசை பிடித்து நிறுத்தியதால் அந்தப் பெயர் பொருந்தியிருக்கிறது. ஆனால் ஓர் அணியைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு நகையும் செய்யுளும் சேர்ந்தே நினைவுக்கு வரும். குறுக்கே மூன்று நிரை, நெடுக்கே மூன்று நிரல், மொத்தம் ஒன்பது எண். நேரக் கட்டுப்பாட்டோடு இயங்கும் அமைப்புகள் எங்கேனும் தவறுமா என்று முன்கூட்டியே ஆராய்ந்து சொல்லும் மென்பொருள்களின் உள்ளே குடியிருப்பது அது. ஒரு நல்ல வெண்பாவைப் பதம் பிரித்து ரசிப்பதுபோல அதை ரசிக்கலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் அன்றாடப் பயணத்தையே எடுத்துக்கொள்கிறேன். செம்பூரில் வீடு, மாட்டுங்காவில் வேலை. ஹார்பர் லைனில் ஏறி, திலக் நகர் தாண்டி, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி, மெயின் லைனில் ஸ்லோ வண்டி பிடித்தால் சயான், அடுத்தது மாட்டுங்கா. இந்தப் பயணத்துக்கு இரண்டு கடிகாரம். வீட்டுக் கதவைப் பூட்டும்போது பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்குவது ஒன்று. அதற்கு ‘வீடு’ என்று பெயர். குர்லாவில் ஸ்லோ வண்டிக்குள் கால் வைக்கும்போது பூஜ்யமாக்கப்படுவது இன்னொன்று. அதற்கு ‘வண்டி’ என்று பெயர். அந்த நொடியில் ‘வீடு’ 15 நிமிடம் முதல் 25 நிமிடம் வரை எதையும் காட்டலாம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இடைவெளிக்குள் எத்தனை சாத்தியங்கள்? 15, பதினைந்தரை, பதினைந்தரைக்குச் சற்று மேல் என்று எண்ணி முடியாதவை. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் சாத்தியங்கள் அனைத்தையும் சேர்த்து ஓர் உருவமாக்கிவிடுகிறார்கள். இரண்டு கடிகாரம் என்றால் தாளில் வரையக்கூடிய தட்டையான உருவம். மூன்று என்றால் தீட்டிய கல்போலப் பல முகம் கொண்ட திண்மம். பத்து என்றால் பத்துப் பரிமாணத்தில் ஒரு பன்முகி. அதைக் கண்ணால் காண முடியாது, கணக்கால் தொட முடியும். காலம் நகர்வதும், கடிகாரத்தைத் திருப்பி வைப்பதும், நிபந்தனை விதிப்பதும் அந்தப் பன்முகியை நீட்டுவதும் மடக்குவதும் வெட்டுவதுமாக மாறிவிடுகின்றன.

அந்த உருவத்தை எழுதி வைக்கும் ஏடுதான் ஒன்பது எண் கொண்ட நம் அணி.

முதல் நயம் இங்கேயே காத்திருக்கிறது. கடிகாரம் இரண்டுதானே, மூன்று நிரை எதற்கு? மூன்றாவது ஓர் ஓடாத கடிகாரம். என்றைக்கும் பூஜ்யத்தில் நிற்கும். பார்த்தால் வீண் செலவு போலிருக்கிறது. அது இல்லாவிட்டால் மூன்று வகை வாக்கியங்களை எழுத நேரும்: ‘வீடு’ 25ஐத் தாண்டாது; ‘வீடு’ 15க்குக் குறையாது; ‘வீடு’, ‘வண்டி’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 25ஐத் தாண்டாது. நிற்கும் கடிகாரம் வந்ததும் மூன்றும் ஒரே அச்சில் விழுகின்றன. முதலாவது, ‘வீடு’ கழித்தல் ‘நிற்பது’ 25ஐத் தாண்டாது. இரண்டாவது, ‘நிற்பது’ கழித்தல் ‘வீடு’ −15ஐத் தாண்டாது. மூன்றாவது ஏற்கெனவே அந்த வடிவில்தான் இருக்கிறது. எல்லாமே ‘இது கழித்தல் அது, இவ்வளவைத் தாண்டாது’ என்ற ஒரே வாக்கியம். வாக்கிய அமைப்பு ஒன்றே என்றால் வாக்கியத்தை எழுத வேண்டியதில்லை; எண்ணை மட்டும் அதற்குரிய கட்டத்தில் வைத்தால் போதும். அதனால்தான் இதற்கு வித்தியாச வரம்பு அணி என்று பொருள்படும் பெயர். துறைக்காரர்கள் வாயில் சுருக்கமாக ‘டிபிஎம்’. 1983இல் பெர்த்தொமியூவும் மெனாஷேவும் பெட்ரி வலைகள் என்ற அமைப்பு மாதிரிகளுக்காகக் கையாண்ட இந்த வடிவத்தை, 1989இல் டேவிட் டில் நேர ஆராய்ச்சியின் நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

நிற்கும் கடிகாரத்தின் உதவி அதோடு முடியவில்லை. ஒரு கடிகாரத்தைப் பூஜ்யமாக்க வேண்டும் என்றால் புதிதாக எதுவும் கணக்கிட வேண்டாம். பூஜ்யமாவது என்றால் நிற்கும் கடிகாரத்தைப் போல ஆவது. ஆகவே அதன் நிரையையும் நிரலையும் அப்படியே படியெடுத்து இதன் இடத்தில் வைத்துவிட்டால் சரி. குர்லாவில் நான் வண்டிக்குள் கால் வைக்கும் நொடி, அணிக்குள் நடப்பது இந்தப் படியெடுப்பு மட்டுமே.

இரண்டாவது நயத்துக்குத்தான் தலைப்பைக் கொடுத்தேன். வண்டி கிளம்பிவிட்டது. எத்தனை நிமிடம் ஓடும் என்று இன்னும் சொல்லவில்லை. ‘எவ்வளவு நேரமும் ஆகலாம்’ என்பதை எப்படி எழுதுவது? அணியின் முதல் நிரலில்தான் ஒவ்வொரு கடிகாரத்தின் மேல்வரம்பும் இருக்கிறது. அந்த நிரலை அழித்து, முடிவிலி என்று போட்டால் முடிந்தது வேலை. காலம் நகர்ந்துவிட்டது! கீழ்வரம்புகள் அப்படியே இருக்கும், ஏனென்றால் காலம் பின்னே போகாது. வித்தியாசங்கள் அப்படியே இருக்கும், ஏனென்றால் எல்லாக் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. அழித்த பிறகு மற்ற கட்டங்களைச் சரிபார்க்கக்கூட வேண்டியதில்லை. அணி முன்பு எவ்வளவு சீராக இருந்ததோ அவ்வளவு சீராகவே இருக்கிறது.

எது மிஞ்சியது என்று பாருங்கள். ‘வீடு’ கழித்தல் ‘வண்டி’, 15க்கும் 25க்கும் நடுவே. சயானைத் தாண்டினாலும், மேற்கே தாராவியின் கூரைகள் கடந்து போனாலும், அந்த வித்தியாசம் மாறவே மாறாது. குர்லாவில் ஏறிய நொடியில் நான் எவ்வளவு தாமதமாக இருந்தேன் என்பதன் நினைவு அது. இரண்டு கடிகாரத்தின் முள்ளும் எங்கெங்கோ போய்விட்டன. கடந்த காலம் வித்தியாசத்தில் தங்கியிருக்கிறது. மேல்வரம்பை அழித்து நினைவை மட்டும் காப்பாற்றும் ஒரு நிரல் அழிப்பு. காலம் நகர்வதை இதைவிடச் சிக்கனமாக எழுதிய வேறு எழுத்தை நான் கண்டதில்லை.

இனி மாட்டுங்கா. வண்டி ஏறி 8 நிமிடத்துக்குக் குறையாமலும் 10 நிமிடத்தைத் தாண்டாமலும் இறங்குகிறேன் என்று நிபந்தனை விதிப்போம். இரண்டு எண்களை மாற்றினால் போதும். ஆனால் மற்ற எண்கள் இப்போது தளர்ந்து கிடக்கின்றன. ‘வண்டி’ 10ஐத் தாண்டாது, வித்தியாசம் 25ஐத் தாண்டாது என்றால் ‘வீடு’ 35ஐத் தாண்டாது என்பது தானே வரவேண்டும். அணியிலோ அந்த இடத்தில் முடிவிலி நிற்கிறது. நேராகச் சொன்ன வரம்பைவிடச் சுற்றிப் போனால் கிடைக்கும் வரம்பு இறுக்கமானது என்றால், இறுக்கமானதை எழுது, இதுதான் விதி. ஊர்களுக்கிடையே குறுகிய பாதை தேட ஃபிளாய்டும் வார்ஷலும் 1962இல் வெளியிட்ட கணக்குமுறையே இதற்கும் போதும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுழற்சி, உள்ளே ஒரே ஒரு கூட்டல், ஒரே ஒரு ஒப்பீடு. எல்லாம் இறுகிய பிறகு ஓர் உருவத்துக்கு ஒரே அணிதான் உண்டு. பூ கட்டுபவர் சரத்தை இழுத்து முடிச்சுப் போட்டதும் தொய்வு மறைந்து மாலைக்கு ஒரே நீளம் கிடைப்பதுபோல.

இந்த இறுக்கத்துக்குள்தான் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒளிந்திருக்கிறது. கதவைப் பூட்டி 20 நிமிடத்துக்குள் மாட்டுங்காவில் இருக்கவேண்டும் என்று ஒரு நாள் நிர்ப்பந்தம் வருகிறது. முடியுமா? ‘நிற்பது’ கழித்தல் ‘வண்டி’ −8ஐத் தாண்டாது. ‘வண்டி’ கழித்தல் ‘வீடு’ −15ஐத் தாண்டாது. ‘வீடு’ கழித்தல் ‘நிற்பது’ 20ஐத் தாண்டாது. மூன்றையும் கூட்டுங்கள். இடப்பக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிறது. வலப்பக்கம் −3. பூஜ்யம் −3ஐத் தாண்டாது என்கிறது கணக்கு, அது நடக்காது. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்டதற்கு 3 நிமிடம் முன்னதாகவே அதே இடத்துக்கு வந்து சேரச் சொல்வதுபோல. உருவம் வெறுமையாகிவிட்டது, அந்தப் பயணம் இல்லை. எட்டாத நிலை எது என்று கண்டுபிடிக்கும் வேலை முழுவதும், சுற்றிக் கூட்டினால் குறை எண் வருகிறதா என்று பார்ப்பதில் அடங்கிவிடுகிறது. ‘முடியாது’ என்பதோடு ‘எவ்வளவு போதவில்லை’ என்பதையும் அந்த ஒரே எண் சொல்லிவிடுகிறது.

இதே கணக்கு உயிர் காக்கும் இடமும் உண்டு. 1994இல் ராஜீவ் அலூரும் டேவிட் டில்லும் எழுதிய, நேரத் தானியங்கிகள் எனப்படும் கடிகாரம் பூட்டிய மாதிரிகள் பற்றிய கட்டுரை இந்தத் துறைக்கே அடித்தளம். அலூர் கான்பூர் ஐஐடியில் படித்தவர். அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு லெவல் கிராசிங் கேட். லெவல் கிராசிங்கில் கேட் மூடத் தாமதமாகி லோக்கல் வண்டி காத்து நிற்பது மும்பைக்காரர்களுக்குப் பழகிய சங்கதி என்பதால் அந்த உதாரணம் எனக்குச் சொந்த ஊர்க் கதைபோலவே இருக்கும். ரயில் ‘வருகிறேன்’ என்று அறிவித்து 2 நிமிடத்துக்குப் பிறகே கேட்டுக்குள் நுழையும். அறிவிப்பு வந்து 1 நிமிடத்தில் கட்டுப்பாட்டுக் கருவி ‘இறக்கு’ என்று கட்டளையிடும். கட்டளை வந்து 1 நிமிடத்துக்குள் கேட் இறங்கிவிடும். ஒன்றும் ஒன்றும் இரண்டு. தப்பிக்குமா?

இங்கே நம் மொழியின் ஒரு சின்னச் சொல்லுருபு தொண்டையில் நிற்கிறது. ‘1 நிமிடத்துக்குள்’ என்றால் சரியாக 1 நிமிடம் ஆவது அதில் சேருமா, சேராதா? ‘2 நிமிடத்துக்குப் பிறகு’ என்பதில் சரியாக 2 சேருமா? இரண்டு இடத்திலும் சேரும் என்றால் ரயிலும் கேட்டும் ஒரே கணத்தில் வந்து சேரலாம். சேராது என்றால் எப்போதும் நூலிழை இடைவெளி உண்டு. ஆகவே ஒவ்வொரு எண்ணோடும் ‘சேரும்’, ‘சேராது’ என்ற குறிப்பையும் அணி சுமக்கவேண்டும்.

சுவீடனின் உப்சலா பல்கலைக்கழகமும் டென்மார்க்கின் ஆல்போர் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட மென்பொருள் ‘உப்பால்’. இரண்டு ஊர்ப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்த பெயர். அதன் அணி நூலகம் இந்தக் குறிப்பைச் சுமக்கும் விதத்தைப் பாருங்கள். எண்ணை இரட்டிப்பாக்கு. ‘சேரும்’ என்றால் 1 கூட்டு. ‘7 வரை’ என்பது 15. ‘7க்குக் கீழே’ என்பது 14. ஒற்றைப்படை என்றால் சேரும், இரட்டைப்படை என்றால் சேராது. தனிக் கட்டமும் வேண்டாம், தனிக் குறியும் வேண்டாம். எது இறுக்கமான வரம்பு என்று கேட்டால் சாதாரண எண் ஒப்பீடே சரியான பதில் தருகிறது: 14 சிறியது, ‘7க்குக் கீழே’ என்பதுதான் இறுக்கம். கூட்டுவதற்கும் ஒரே விதி: இரண்டில் ஒன்றாவது ஒற்றைப்படை என்றால் கூட்டி 1 கழி. ‘7 வரை’யும் ‘3 வரை’யும், 15 கூட்டல் 7, கழித்தல் 1, ஆக 21, அதாவது ‘10 வரை’. ‘7 வரை’யும் ‘3க்குக் கீழே’யும், 15 கூட்டல் 6, கழித்தல் 1, ஆக 20; அதாவது ‘10க்குக் கீழே’. இரண்டில் ஒன்று சேராது என்றாலும் கூட்டுத்தொகையும் சேராது என்ற நியாயம், ஒற்றை இரட்டையின் இயல்பிலிருந்தே பிறந்துவிடுகிறது. கேட்டுக்கும் ரயிலுக்கும் நடுவேயுள்ள நூலிழை, ஓர் எண்ணின் கடைசி இருமத்தில் பத்திரமாக இருக்கிறது.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் காலையில் வாசல்களைக் கடந்து போகும்போது, புள்ளி வைத்து நேர்க்கோட்டால் இணைத்த கோலங்களைப் பார்ப்பேன். கோலத்தைக் கணினி இலக்கணத்துக்குள் கொண்டுவந்த பெருமை தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருக்கு உண்டு. அவர்களுடைய கட்டுரை 1974இல் வெளியானது. கோலத்தைப் போடுபவர் எத்தனை திசையில் கோடு இழுப்பது என்று முதலிலேயே தீர்மானித்துவிடுகிறார். நம் அணியும் அப்படியே. இரண்டு கடிகாரத்துக்கு அது வரையும் உருவத்தில் படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு, வலப்பக்கம் ஏறும் ஒரே ஒரு மூலைக்கோடு, இவ்வளவுதான் உண்டு. அதிகபட்சம் ஆறு பக்கம். எதிர்ப்பக்கம் சாயும் மூலைக்கோடு கிடையாது, ஏனென்றால் அது இரண்டு கடிகாரத்தின் கூட்டுத்தொகையைப் பேசும் கோடு. காலம் நகர்ந்தால் கூட்டுத்தொகை நிற்காது, வித்தியாசம்தான் நிற்கும். வேண்டிய திசைகளை மட்டும் வைத்துக்கொண்டதால்தான் பன்முகி ஒரு சின்ன எண் கட்டத்துக்குள் அடங்கியது.

எல்லாத் திசையும் வேண்டும் என்றால் என்ன ஆகும்? கேட் 1 நிமிடத்தில் இறங்கும் என்று சொல்லாமல், ‘எவ்வளவில் இறங்கினால் விபத்து நேராது?’ என்று கேட்டுப் பாருங்கள். தெரியாத அளவுகளும் கணக்குக்குள் வந்துவிடும். கோடுகள் எந்தச் சாய்விலும் விழும். அணி போதாது, முழுப் பன்முகியே வேண்டும். இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் ராபர்ட்டோ பன்யாராவும் தோழர்களும் 2001 முதல் கட்டிய பார்மா பன்முகி நூலகம் அதற்கானது. அங்கே ஓர் உருவத்துக்கு இரண்டு விவரிப்பு உண்டு. எந்தச் சுவர்கள் அதை அடைக்கின்றன என்பது ஒன்று. எந்த முனைகளும் கதிர்களும் அதைப் பிறப்பிக்கின்றன என்பது மற்றொன்று. மோட்ஸ்கின் முதலானோர் 1953இல் தந்த இரட்டை விவரிப்பு முறை இது. இரண்டு உருவத்தின் பொதுப்பகுதி வேண்டுமா, சுவர்ப் பட்டியல்களைச் சேர். இரண்டையும் அணைத்த குவிந்த உருவம் வேண்டுமா, முனைப் பட்டியல்களைச் சேர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதுதான் விலை: பத்துப் பரிமாணக் கனசதுரத்துக்குச் சுவர் 20, முனையோ 1024.

காலம் நகர்வதை அந்த நூலகம் எப்படி எழுதுகிறது? எல்லாக் கடிகாரமும் ஒன்றாக ஏறும் திசையில் ஒரு கதிரைப் பட்டியலில் சேர்க்கிறது. அணியில் ஒரு நிரலை அழித்தால் நகர்ந்த அதே காலம், இங்கே ஒரு கதிரைச் சேர்த்தால் நகர்கிறது. ஒரே பொருளை இன்மையாலும் உண்மையாலும் சொல்லலாம் என்று நம் இலக்கணத்தில் படித்தவர்களுக்கு இது தனிச் சுவை. எத்தியேன் ஆந்த்ரே உருவாக்கிய ‘இமிட்டேட்டர்’ என்ற கருவி இந்த நூலகத்தின் மேல் நின்றுதான் அளவு தெரியாத கேள்விகளுக்குப் பதில் தேடுகிறது. கேட் கணக்கில் பதில் ஓர் எண்ணாக வராது. கட்டளைத் தாமதமும் கேட் இறங்கும் நேரமும் சேர்ந்து ரயில் வரும் நேரத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது போன்ற ஒரு நிபந்தனையாக வரும். பொறியாளர் கையில் கொடுக்க அதைவிட நல்ல பதில் ஏது?

இந்தக் கலையில் மும்பைக்கு ஒரு நாள் உண்டு. கணிப்பியல் கோட்பாட்டுக்காக ஆண்டுதோறும் டிசம்பரில் இந்தியாவில் கூடும் மாநாடு 2011 டிசம்பர் 12 முதல் 14 வரை மும்பையில் நடந்தது. அங்கே ஹெர்ப்ரத்தோ, திலீப் கிணி, பி. ஸ்ரீவத்சன், வாலுகீவிச் ஆகிய நால்வரின் கட்டுரை ஒன்று இடம்பெற்றது. அது தொட்ட சிக்கல் இது. கடிகாரங்கள் ஓடிக்கொண்டே இருந்தால் உருவங்களும் முடிவில்லாமல் பிறந்துகொண்டே இருக்கும். ஆனால் ஓர் அமைப்பு எங்கும் 40 நிமிடத்துக்கு மேல் கேட்பதே இல்லை என்றால், 41ஐயும் 400ஐயும் அதனால் பிரித்தறிய முடியாது. அப்படிப் பிரித்தறிய முடியாதவற்றை எல்லாம் சேர்த்து உருவத்தை உப்பவைத்தால் தேடல் முடிவுக்கு வரும். உள்ளதிலேயே இயல்பான உப்பலோ பள்ளம் விழுந்த உருவமாகிவிடும். குவிந்த உருவத்தை மட்டுமே எழுதத் தெரிந்த அணிக்குள் அது அடங்காது. அதனால் எல்லோரும் அதைவிடச் சிறிய, குவிந்த ஓர் உப்பலை வைத்துக்கொண்டு ஒப்பேற்றி வந்தார்கள்.

நால்வரும் செய்தது, அந்தப் பள்ளம் விழுந்த உருவத்தை எழுதவே எழுதாமல் விட்டது. கையில் பழைய அணியே இருக்கட்டும். புதிதாக வந்த உருவம், பழையதன் உப்பலுக்குள் அடங்குமா என்ற கேள்வியை மட்டும் கேட்போம். உப்பலை வரையாமலேயே அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று காட்டினார்கள். அடங்கவில்லை என்றால் அந்தக் குறை, ஏதாவது இரண்டு கடிகாரத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். பத்துப் பரிமாணத்தில் ஒளிந்த கேள்வி, இரண்டிரண்டு கடிகாரமாகப் பார்க்கும் தாள் அளவுக் கேள்வியாகிறது. சாதாரண இரண்டு அணிகளை ஒப்பிடும் அதே அளவு வேலை. ஸ்ரீவத்சன் இப்போது சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் ஆசிரியர். தாளில் வராத ஓர் உருவத்தின் முழுப் பயனையும் அதை வரையாமலே பெற்றுக்கொண்ட அந்த வித்தைக்குத்தான், நயம் பாராட்டும் இடத்தில் நான் முதல் இடம் தருவேன்.

நிற்கும் கடிகாரம் மூன்று வாக்கியத்தை ஒன்றாக்கியது. ஒரு நிரலை அழித்ததில் காலம் நகர்ந்தது. ஒற்றைப்படை என்ற ஒரு குணம் தனிக் குறியைத் தேவையற்றதாக்கியது. வேண்டாத மூலைக்கோட்டை வைத்துக்கொள்ளாததால் அணி சிறுத்தது. கடைசியில், எழுதவே முடியாததை எழுதாமலே வேலை நடந்தது. எல்லாவற்றிலும் ஒரே கை தெரிகிறது. எதை எழுத வேண்டாம் என்று அறிந்த கை. ஈற்றடியை அளந்து நிறுத்தத் தெரிந்த புலவனுக்கும் அந்தக் கைதான் இருந்தது.

ரசிக்கக் கணினி வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பி, மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டு, உங்கள் பயணத்தின் எண்களை நிரப்பிப் பாருங்கள். சுற்றிக் கூட்டுங்கள். −3 வந்தால் மறுநாள் 3 நிமிடம் முன்னதாகக் கதவைப் பூட்டுங்கள். வண்டி கிடைக்கும்.